கிளாக்கர் வீட்டுத் தொட்டியில் ஆறு ஏஞ்சல் மீன்கள்

மச்சான்,

இன்று காலை பழஞ்சோறு பிசையும்போது விரலில் அந்த நீல மருந்தின் நெடி வந்தது. நேற்றிலிருந்து மூன்று தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. சாப்பிட மனம் வராமல் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் அமைதியாக இருப்பதாக நினைக்காதே, கொதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாம் இருவரும் அந்த மீன் கடையைப் போட்டபோது, சண்டைக்குள் எவன் கண்ணாடித் தொட்டி வாங்குவான் என்று சிரித்தார்கள். ஆனால் வாங்கினார்கள். பொழுதுபட்டால் வெளியே போக முடியாத சனத்துக்கு வீட்டுக்குள் பார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து வரும் மீனை நீ நேரே விற்க விடமாட்டாய். பின்னறைத் தொட்டியில் நீல மருந்து விட்டு, கறுப்புத் துணியால் மூடி, நோய் இருந்தால் தெரியட்டும் என்று மூன்று கிழமை மறித்து வைப்பாய். கரண்ட் இல்லாத ஊரில் பழைய பற்றரியில்தான் காற்று மோட்டர் ஓடும்.

பெரிய தொட்டிக்கு மாற்றுகிற நாளிலும் உனக்கு அவசரம் கிடையாது. முதலில் பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி. பிறகு உள்ளே இருக்கிற கல்லையெல்லாம் இடம் மாற்றி வைப்பாய். தன்னுடைய மூலை எது என்று தெரியாத மீன், புதிதாக வந்ததைக் கடிக்காதாம். விளக்கை அணைத்து, புது மீன் இருக்கிற பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சின்னக் கோப்பையால் அள்ளி அள்ளிப் பைக்குள் விடுவாய். "சூடும் பயமும் மெல்ல மெல்லத்தான் இறங்கோணும்" என்பாய். ஒரு மணித்தியாலம் போய்விடும். எனக்கு எரிச்சலாக வரும்.

அரசாங்க எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் அந்த ஒரு மணித்தியாலத்தையும் மதிக்கவில்லை, மூன்று கிழமையையும் மதிக்கவில்லை. மகளின் சாமத்தியச் சடங்குக்கு வருகிறவர்கள் பார்க்கவேண்டும் என்று, ஆறாம் நாளே சண்டை பிடித்து மீனை வாங்கிப் போனார். கொண்டுபோன கையோடு தொட்டிக்குள் கொட்டினார். சடங்குக்கு முதல் நாள் அவருடைய பழைய மீன்களும் சேர்ந்து மிதந்தன. செத்த மீன்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, கேட்காமல் பின்னறைக்குள் நுழைந்து, துணியைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ள என்னத்தையடா மூடி வச்சிருக்காய்?" என்று கத்தினார். நீ பொறுமையாக விளக்கம் சொன்னாய். நான் அவரை வெளியே தள்ளினேன்.

அதிலிருந்து மூன்றாம் கிழமை துவக்கோடு வந்தவர்கள் முன்கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ நம்மேல் பெட்டிசம் எழுதிப் போட்டிருக்கிறார்களாம். மூடின தொட்டி எங்கே என்று கேட்டு நேரே பின்னறைக்குப் போனார்கள். பற்றரி, வயர், ரப்பர் குழாய், நீலப் போத்தல் எல்லாவற்றையும் அள்ளினார்கள், உன்னையும் சேர்த்து. அந்தத் தொட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்று பேர். நீ எழுதியிருக்க மாட்டாய், நானும் எழுதவில்லை. முகாமில் கேட்டால் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு எட்டு வருசம்.

இப்போது கிளாக்கர் கோயில் வண்ணக்கர், நிர்வாகமெல்லாம் அவர் கையில். திருவிழாவில் முன்னுக்கு நிற்கிறார். போன மாதம் கடைக்கு வந்து, பழசை மறந்தவர் மாதிரி, ஆறடித் தொட்டிக்கு ஆறு ஏஞ்சல் வேணும் என்றார். அவர் போனதும் வெள்ளைப் புள்ளி நோய் விழுந்த மீன்களாகப் பார்த்து வலையில் பிடித்துவிட்டேன். தொட்டி முழுக்கச் சாகட்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு திருப்பி விட்டேன். இரக்கத்தால் இல்லை. உனக்கு ஈடாக ஒரு தொட்டி மீனா?

நல்ல ஆறைப் பொறுக்கி மூன்று கிழமை மறித்து வைத்து, நேற்று மத்தியானம் நானே கொண்டுபோனேன். அவர் மட்டும்தான் வீட்டில். கல்லை இடம் மாற்றினேன். விளக்கை அணைத்து, யன்னல் சீலையையும் இழுத்துவிட்டு, மீன் பயப்படும், அசையாமல் இருங்கள் என்று கதிரையைக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு கோப்பை தண்ணீருக்கும் உன்னைப் பற்றி ஒன்று சொன்னேன். உன் அம்மா முகாம் வாசலில் வெயிலில் நின்றது. உன் சேர்ட்டை இன்னும் கிழமைக்கு ஒருமுறை தோய்த்துக் காயப்போடுவது. நாய் குரைத்தால், "மனே, வந்திட்டியா?" என்று படலைக்கு ஓடுவது. பெட்டிசம் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை.

அவர் இரண்டு தரம் எழும்பப் பார்த்தார். "இருங்க ஐயா, இன்னும் சூடு இறங்கல்ல" என்றேன்.

கடைசியில் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரெண்டு நாள் உள்ளுக்க வச்சிட்டு விடுவாங்க எண்டுதான் எழுதினன், தம்பி. அண்டைக்கு ராவே அடிச்சுக் கொல்லுவாங்க எண்டு ஆர் கண்டது?"

கேட்க வேண்டும் என்று எட்டு வருசம் ஆசைப்பட்ட வார்த்தை. அதற்குள் இது இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை, மச்சான். காணாமல் போனவனுக்காகத்தான் நான் பழிவாங்கப் போனேன். ஆறு மீனையும் தொட்டிக்குள் விட்டேன். ஒன்றுகூடப் பதறவில்லை.

வாசலில் வைத்து, சனிக்கிழமை தண்ணீர் மாற்ற வருவேன், ஆயத்தமாக இருங்கள், வெளியே ஓரிடம் போகவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். உன் அம்மாவுக்கு முன்னால் அவரை இருத்தி, அவர் வாயாலேயே சொல்லவைப்பேன். இன்று விடியவே சந்தையில் உன் அம்மாவைக் கண்டேன். வழமைபோல, "தகவல் ஏதும் உண்டா, மனே?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.