சன்னதி பஜார் நூல்கடை

தென்காசி,
9-7-1958

அன்புள்ள விஜயத்துக்கு,

நாச்சியார் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நாகபுரி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் எப்படி?

உனக்கு முப்பத்தாறு வயதில் கல்யாணம், எனக்கு முப்பத்தாறு வயதில் கடை. உன் அப்பாவுக்குப் பிறகு பத்து வருஷம் நீ கட்டிக்காத்ததை, ஒரே பெஞ்சில் படித்த பாவத்துக்கு என் தலையில் வைத்துவிட்டு ரயிலேறிவிட்டாய். நான் பயந்தபடியே நடந்தது. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த அம்மாள் ஒருத்தி நீலக் கம்பளி நூல் வாங்கிப் போனாள். நாலாம் நாள் ஸ்வெட்டரோடு வந்து நிற்கிறாள். ஒரு கை ஒரு நீலம், மறு கை வேறு நீலம்!

அண்ணன் வல்லிநாயகம் கடை வாசலில் நின்று சத்தம் போட்டான்: “ஏட்டி, புருசன் போனவ பஜார்ல உக்காந்து நூல் விக்கியே, நாலு பேரு என்ன பேசுதாவன்னு தெரியுமா?”

“நாலு பேரும் நூல் வாங்கத்தான் வாராவ அண்ணாச்சி” என்றேன். அதிலிருந்து பேச்சில்லை.

இந்த நீலத்துக்கு மட்டும் வழி சொல்லி உடனே எழுது.

உன்,
நாச்சியார்


நாகபுரி,
2-3-1959

அன்புள்ள நாச்சியாருக்கு,

இத்தனை மாதம் பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். நூலை விளக்கடியில் பார்க்காதே, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துக் கொடு.

என்னைப் பற்றி என்ன எழுத? இவர் நல்லவர். ஆனால் வீடு இன்னும் காலமான மூத்தவளின் வீடாகவே இருக்கிறது. அவளுடைய பெரிய பெண்ணுக்குக் குளிருக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். மறுநாள் அது வேலைக்காரி மேல் இருந்தது. யாரும் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. என்னிடம் எதையும் கேட்பதுமில்லை. உப்பு போதுமா என்றுகூட.

நாச்சி, நான் திரும்பி வந்தால் கடையைத் தருவாயா?

விஜயம்


தென்காசி,
6-4-1959

அன்புள்ள விஜயம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

கடை உன்னுடையது. வா, சாவியைத் தருகிறேன். ஆனால் உன்னிடம் மறைக்க முடியவில்லை: நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதற்காக என்னையே வெறுத்தேன்.

கடையநல்லூரிலிருந்து ஒலி முகம்மது என்று ஒரு தொப்பி வியாபாரி வெள்ளை நூல் கேட்டு வந்தார். அவர் வீட்டுப் பெண்களும் தெருப் பெண்களும் தொப்பி பின்னுகிறார்கள், பஜாருக்கு வருவதில்லை. செவ்வாய்தோறும் நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். “நாச்சியாரம்மா வந்தாச்சு” என்று நாலு வீட்டுக் கதவு திறக்கும். இத்தனை நாள் என் பெயரைச் சொல்லி யாரும் கதவைத் திறந்ததில்லை, விஜயம்.

நீ வந்தால் அவர்களிடம் உன்னையும் கூட்டிப்போகிறேன். வரும் தேதியை எழுது. ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன்,
நாச்சியார்


பாளையங்கோட்டை,
21-6-1959

அன்புள்ள நாச்சிக்கு,

தபால் முத்திரையைப் பார்த்து நீ திகைத்திருப்பாய்.

போன மாதம் நாகபுரியை விட்டு வந்துவிட்டேன். ரயிலேற்ற அவரே வந்தார். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வண்டி நகர்ந்தபோது, “தண்ணி வச்சிண்டியோ?” என்று மட்டும் கேட்டார்.

நேரே தென்காசிக்குத்தான் வந்தேன். உனக்குத் தெரியாது. கடைக்கு எதிர்ப்புறம் பாத்திரக்கடை ஓரத்தில் நின்றேன். சுரண்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரி போலிருந்த ஒருத்தி, தப்பாகத் தைத்த தலையணை உறையை உன் முன்னால் போட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நானாக இருந்தால், தைத்ததற்கு நான் என்ன செய்வது என்று அனுப்பியிருப்பேன். நீ தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்தாய். “இதுக்குப் போயா அழுத? இங்கன உக்காரு” என்றாய். நடுவில் வந்தவர்களைக் காத்திருக்கச் சொன்னாய். காத்திருந்தார்கள். என் காலத்தில் எனக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது. அடுத்த பஸ்ஸில் திருநெல்வேலிக்கு ஏறிவிட்டேன்.

இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. முப்பத்திரண்டு பிள்ளைகள். நேற்று ஒருத்தி, “டீச்சர், இந்த முடிச்சு சரியா?” என்று கேட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியும் என்று நம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி.

கடை உன்னுடையது. இதை நான் வருத்தத்தோடு எழுதவில்லை.

பிள்ளைகளுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் எம்ப்ராய்டரி நூல் ஆளுக்கொரு கண்டு வேண்டும். ஊசி நாலு பாக்கெட். பார்சல் போடாதே, நீயே கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. சாப்பிடாமல் வா.

விஜயம்