ஒப்பிடக் கொடுத்த இரத்தம்

பிரிக்பீல்ட்ஸ்,
13.8.1996

அன்புள்ள தங்கச்சிக்கு,

கிள்ளானில் மழை விட்டதா? சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பி53 என்ற புரதத்தைப் பார்க்கிறோம். பழுதான செல்லைச் சாகச் சொல்வது அதன் வேலை. அப்படிச் சாகும் செல் பக்கத்தில் வீக்கம்கூட இல்லாமல் அடங்கிப்போகும். புரதம் கெட்டால் பழுதானது சாகாமல் பெருகும். அதுதான் புற்று. சிலருக்கு அந்தக் கேடு பெற்றவர் வழியாகப் பிறவியிலேயே வரும்.

நோயாளியின் செல்லோடு ஒப்பிட நல்ல செல் வேண்டும். அதற்கு எங்களில் ஒருவர் இரத்தம் கொடுப்பது வழக்கம். போன மாதம் என் முறை. பழுதாக்கவென்று கதிர்வீச்சைக் காட்டியதும் என் செல்கள் செத்திருக்க வேண்டும். பெரும்பாலானவை சாகவில்லை.

"லேபிள மாத்தி ஒட்டிட்ட லா, திரும்பப் போடு" என்று கூட வேலை செய்யும் ஜெயசீலி சிரித்தாள். மூன்று முறை போட்டேன். நேற்று அவள் சிரிக்கவில்லை.

அம்மா முப்பத்தாறு வயதில் போனதைக் கண்ணூறு என்றோம். தம்பிக்கு முழங்கால் வீங்கியபோது பந்து பட்டது என்று எண்ணெய் தேய்த்தோம். நான்தான் தேய்த்தேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வா. சாப்பிட்டுவிட்டே வரலாம். அரைக்கைச் சட்டை போட்டுக்கொள். சின்னவளுக்கும் கையில்லாத கவுன் போட்டுக் கூட்டி வா.

உன் அக்கா