பரசுராமன் கேமராவின் பொட்டு

21-8-1983

காதுகுத்துப் படங்களைக் கழுவினேன். பாதி மங்கல். கேமராவுக்குள் தெரிகிற மஞ்சள் கட்டம் வெளுத்துப்போய் வருஷமாகிறது. கட்டத்தில் இரண்டாகத் தெரியும் முகம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் படம் தெளிவு. கட்டமே தெரியாதபோது எதை எங்கே சேர்ப்பது?

எதிர் ஸ்டுடியோ பரசுராமனிடமும் இதே கேமராதான். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களிடம் ஆளுக்கொன்றாக வாங்கியது. அவன் இருட்டு மண்டபத்தில் எடுத்தாலும் மூக்குத்திக் கல்லை எண்ணலாம். எப்படி? வயிறு எரிகிறது.

27-8

அக்கா மகள் சரசு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பரசுராமனைப் பேசிவிட்டார்களாம்! அக்கா புருஷன் சகாதேவன் மாமா, “நீ தாய்மாமன்டா. மேடையில நிக்கிறதா, படம் புடிக்கிறதா?” என்றார். சரி. கூடவே, “அவரு புடிச்சா பளிச்சுனு இருக்குது” என்றார். அப்போ நான்?

28-8

சோறு இறங்கவில்லை.

10-9

பரசுராமன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாம் கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடிக்கு முன்பக்கம், நட்டநடுவில், பொம்பளைகள் வைக்கிற கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு! திருஷ்டிக்குத்தான். யார் கண்ணுக்குப் பயந்து? எதிரே இருப்பது நான் ஒருத்தன். என்னைக் கொள்ளிக்கண்ணன் ஆக்கிட்டானே, படுபாவி.

11-9

கல்யாணம் முடிந்தது. முகூர்த்தத்துக்கு முன் அவன் காபி குடிக்கப் போனபோது கேமரா நாற்காலியில் இருந்தது. பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டேன். கெட்டிமேளம் கொட்டும்போது கேமராவைக் கண்ணில் வைத்தான், இறக்கினான், தரையில் எதையோ தேடினான். மேடையில் நின்ற எனக்குச் சிரிப்பு.

பொட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

18-9

தாலி கட்டும் படங்கள் எல்லாமே மங்கல். சரசு முகம் புகை மாதிரி. அக்கா அழுதாள்.

பரசுராமன் என்னிடம் வந்து, “நடுவுல கறுப்பா ஒரு பொட்டு வச்சா வெளுத்த கட்டமும் நல்லாத் தெரியும் வேணு. எம் பொண்டாட்டி பொட்டுதான். கல்யாணம் முடியட்டும், உன் கேமராவுலயும் ஒட்டித் தரலாம்னு இருந்தேன். அது எங்கியோ உழுந்துடுச்சி” என்றான்.

ஐயோ.

19-9

அதே பொட்டை என் கேமராவில் ஒட்டிப் பார்த்தேன். நடுவில் இருண்டதும் மஞ்சள் கட்டம் பளிச்சென்று வந்தது. சுவர்க் காலண்டர் இரண்டாக இருந்து ஒன்றாகச் சேர்ந்தது. இவ்வளவுதானா?

2-10

சரசுவையும் மாப்பிள்ளையையும் ஸ்டுடியோவில் எடுத்தேன். இமை மயிர்வரை தெளிவு. மாமா, “இனிமே நம்ம சனத்துல எல்லாக் கல்யாணத்துக்கும் நீதான். அந்த ஆளக் கூப்புடாதீங்கன்னு சொல்லிட்டேன்” என்றார். நான் கேட்க ஏங்கிய பேச்சு.

சரசு மட்டும் என்னிடம், “தாலி கட்டுறப்போ எடுத்தது ஒன்னுகூட நல்லா இல்லியா மாமா?” என்றாள்.

3-10

பரசுராமன் கையில் பொட்டை வைத்தேன்.

“எங்க கெடச்சுது?”

எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான் என்று நின்றேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

“பசை போச்சு. இனிமே ஒட்டாது” என்றான்.