பிராஹாவின் பானைக்கு ஓர் இடம்

நவம்பர் 3, ஞாயிறு

இவ்வளவு நேரங்கழித்து எழுதுகிறேன், மன்னித்துக்கொள் கடவுளே. உனக்குத்தான் தூக்கம் கிடையாதே. எனக்கும் இன்று வரவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு ஹோதாயா விளையாட வந்தாள். என் மகள் நிட்சான் தன் பிஸ்கட்டை நீட்டினாள். "உங்க வீட்ல சாப்பிடக் கூடாதாம். நீங்க பக்தியானவங்களா இல்லையான்னு அம்மாவுக்குத் தெரியலையாம்." நாலு வயசு! சொல்லிவிட்டுப் பொம்மையை எடுத்துக்கொண்டாள். என் பெண்தான் பிஸ்கட்டோடு நின்றாள்.

படுக்கும்போது கேட்டாள்: "அம்மா, நாம யாரு?"

என்ன சொல்ல? பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனிப் பாத்திரம். வெள்ளிக்கிழமை விளக்கு. சனிக்கிழமை, யூதர்களான எங்கள் ஓய்வுநாளில், காரில் கடற்கரை. அன்று வண்டியும் கூடாது, எழுத்தும் கூடாது; காரில் போவேன், ஆனால் பேனாவைத் தொடமாட்டேன் — ஏன் என்று கேட்காதே. பல்கலைக்கழகத்தில் இதற்கெல்லாம் பெயர்கள் படித்தேன். ஒன்றும் என் சமையலறைக்குப் பொருந்தவில்லை.

நவம்பர் 5

ஓவத்திடம் சொன்னால் சிரிக்கிறான். "கதவுல போர்டு மாட்டு. இங்க பாதி பக்தி கிடைக்கும்னு." புருஷனுக்கு என்ன! நிட்சான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாள்?

நவம்பர் 8, வெள்ளி

விளக்கேற்றக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

கதவைத் திறந்தால் ஹோதாயாவின் அம்மா பிராஹா. தலைத்துணி நழுவ, இரு கையிலும் ஓய்வுநாளுக்கான ஹமீன் குழம்புப் பானை.

"ராத்திரி முழுக்கச் சூடு வைக்கிற மின்தட்டு செத்துப்போச்சு யர்தேனா. நாளைக்கு அடுப்பைத் தொட முடியாது, பிள்ளைங்களுக்கு இதுதான் சாப்பாடு. உன் தட்டுல இடம் இருக்கா?"

என் பானையை ஓரமாகத் தள்ளினேன். அவள் பானை என் தட்டில் நேராகப் படாதிருக்க, அவள் கேட்குமுன் புது அலுமினியத் தாளை விரித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இறைச்சி எங்க வாங்குன?"

"நீங்க வாங்குற கடைதான்."

"தெரியும். வரிசைல பாத்திருக்கேன். சும்மா கேட்டேன்."

நாளை கடற்கரை கிடையாது. அவள் பானையை எடுக்க வரும்போது வீட்டில் ஆள் வேண்டும். "கடல் எங்கயும் ஓடிடாது," என்கிறான் ஓவத்.

நவம்பர் 9, சனி, நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்தபின்

மதியம் பிராஹாவும் ஹோதாயாவும் பானையை எடுக்க வந்தார்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஹமீனோடு ராத்திரி முழுக்க வெந்து பழுப்பேறிய முட்டைகள் மேஜைமேல்.

"அம்மா, நம்மதுல முட்டை இல்லல்ல?" என்றாள் ஹோதாயா.

ஐயோ, இந்தப் பிள்ளை! நான் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிராஹா கையை நீட்டினாள். "ஒண்ணு குடும்மா."

அவளே உரித்தாள். பாதி ஹோதாயாவுக்கு. பாதி நிட்சானுக்கு.

இன்று படுக்கும்போது நிட்சான் சொன்னது இவ்வளவுதான்: "ஹோதாயாவுக்கு மஞ்சக்கரு பிடிக்காதும்மா."

கடவுளே, ஒன்றே ஒன்று. அடுத்த வெள்ளி பானையில் ஒரு முட்டை கூடுதலாகப் போடட்டுமா? சீக்கிரம் பதில் சொல்.