ஒன்பதாம் பாட்டின் பென்சில் கோடுகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

எட்டுப் பாட்டு பதிவாகிவிட்டது. பாக்கி ஒன்று. என் முதல் ஆல்பம். இதே திருவண்ணாமலையில் மியூசிக் டீச்சராக இருந்த ராஜம்மாள், பியானோவோடு சோப்ரானோ என்ற உச்சப் பெண்குரலில் பாட எழுதிவைத்த ஒன்பது தமிழ்ப் பாடல்கள். இருபத்தொன்பது வயதில் போய்விட்டார். ஐம்பத்தேழு வருடமாக யாரும் பாடவில்லை. அவருடைய தம்பி அப்பாசாமி ஐயாதான் நோட்டைக் கொடுத்தார்.

சுரங்கள் மையில், மூச்சு விடும் இடங்கள் பென்சிலில், சின்னச் சின்னக் கோடாக. அதை அப்படியே பின்பற்றுகிறேன். பியானோ வாசிக்கும் கீதாஞ்சலிக்குப் பொறுக்கவில்லை. "சொல்லு நடுவுல போய் யாருடி மூச்சு விடுவா?"

"எழுதினவங்களே போட்டிருக்காங்க. அவங்கள விட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?" என்று அவள் வாயை அடைத்தேன்.

ஜூன் 6

முதல் பாட்டில் ஒன்பது கோடு. எட்டாவதில் முப்பத்தொன்று. இரண்டும் ஒரே நீளம்தான்.

ஜூன் 9

மாடியேறும்போது என்னைப் பெற்ற அம்மி பிடித்து நிறுத்தினாள். "அதீபா, ஏன் இப்படி மூச்சு வாங்குற? நேத்து சாப்புடறப்பவும் நின்னு நின்னு பேசுன. டாக்டர்கிட்ட போலாமா?"

நான் கவனிக்கவே இல்லை. அப்புறம் அறையில் தனியாகப் பேசிப் பார்த்தேன். எட்டாம் பாட்டில் எத்தனை சொல்லுக்கு ஒருமுறை நிற்கிறேனோ, அதே கணக்கு.

ஜூன் 11, பௌர்ணமி

இன்று பஸ் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் கிளம்பியது என் முட்டாள்தனம். கிரிவலக் கூட்டத்தோடு இடிபட்டு நடந்து அடி அண்ணாமலையில் ஐயா வீட்டை அடைந்தேன். ஏன் இத்தனை கோடு என்று கேட்டேன்.

"அது அக்கா போட்டதில்லம்மா. நான் போட்டது. அவளுக்கு நுரையீரல்ல சீக்கு. நான்தான் பியானோ. அவ எங்க மூச்சு வாங்குவாளோ அங்க என் கை காத்திருக்கணும் இல்ல? பாட்டுக்குப் பாட்டு மூச்சு கம்மியாயிட்டே வந்துச்சு."

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஜூன் 12

கோபம். யார் மேல்? ஒரு சீக்காளியோட திணறல அழகுனு நெனச்சு மனப்பாடம் பண்ணியிருக்கேனே! எட்டுப் பாட்டு! சவுண்ட் இன்ஜினியர் பாலாஜி, "மூச்சு சத்தத்த எடுத்துடலாம்க்கா, இடைவெளி மட்டும் அப்படியே நிக்கும்" என்கிறான்.

எல்லாவற்றையும் திரும்பப் பாடுவதா? பாடினால் அந்த அம்மாவைத் துடைத்தெடுத்த மாதிரி ஆகாதா? பாடாவிட்டால், என் பேர் போட்ட ஆல்பத்தில் மூச்சு விடுவது யார்?

ஜூன் 18

சென்னை ஸ்டுடியோ. ஒன்பதாம் பாட்டு. கோடுகள் பாதிப் பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. "ஏரி நிரம்பினால் சொல்லி அனுப்பு" என்ற வரிக்குப் பிறகு மையில் எழுதிய சுரங்கள் மட்டும்தான். அந்த இடம் வந்ததும் எனக்கு மூச்சே வரவில்லை. நான்கு முறை. சுரம் ஒன்றும் கஷ்டமில்லை — பயம். அதற்கு அப்பால் யாருமே போனதில்லை என்ற பயம்.

கீதாஞ்சலி பியானோவை மூடினாள். "வீட்டுக்குப் போலாம்டி."

ஜூன் 20

ஐயாவிடம் சொன்னேன்.

"அந்த வரியிலதான் இருமல் வந்துச்சு. அவ பாடறேன்னுதான் சொன்னா. நான்தான் போதும்க்கானு பியானோவ மூடிட்டேன். நாலாம் நாள் போயிட்டா." நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "மிச்சத்த நீ பாடும்மா. நான் கேட்டதே இல்ல."

பியானோ இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினேன். அந்த வரியைத் தாண்டினேன். எப்படி? தெரியாது. பக்கத்தில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜூலை 4

பதிவு முடிந்தது. முதல் எட்டையும் மாற்றவில்லை. அவை ராஜம்மாளின் மூச்சோடே போகட்டும்.

ஒன்பதாவதின் பின்பாதியில் ஐயா அன்று போட்ட ஏழு புதுக் கோடுகள். ஏழும் நான் மூச்சு விட்ட இடங்கள். ஆனால் கடைசி சுரத்துக்கும் அப்பால் எட்டாவதாக ஒன்று இருந்தது. கீதாஞ்சலிதான் கவனித்தாள். "பாட்டே முடிஞ்சு போச்சு. இங்க எதுக்குடி மூச்சு?"

ஐயாவுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"அது என்னோட மூச்சும்மா" என்றார்.