வாய் பிளந்த சிறுமி

என்னங்க,

நீங்கள் மரத்தில் செதுக்கி அச்செடுத்த அந்தக் கறுப்புப் படத்தை பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். கோபப்படாதீர்கள். இந்த நகரத்துக்கு வந்ததும் நம் மகள் பேச்சையே நிறுத்திவிட்டாளே, சாய்ந்து விழுகிற மாடிவீடுகளுக்கு நடுவே வாயைப் பிளந்து ஓடும் அந்தப் படத்துச் சிறுமிதான் காரணம் என்று நினைத்தேன்.

இன்று பந்தைத் தேடிப் போனவள் படத்தையும் இழுத்து வந்துவிட்டாள். பறிக்கப் போனேன்.

"அம்மா, இவ ஏன் கத்துறா தெரியுமா?"

பேசிவிட்டாள்!

"பயந்துட்டாளா கண்ணு?"

"ஐயே! ஐஸ் வண்டி போயிடுச்சும்மா. நில்லு நில்லுங்கறா!"

அழுதுகொண்டே சிரித்தேன். அப்புறம் அவள் வாயே மூடவில்லை, இப்போதுதான் தூங்கினாள்.

படத்தைக் கூடத்தில் மாட்டிவிட்டேன், கோணலாகத்தான். உங்கள் கட்டடங்கள் மட்டும் நேராகவா நிற்கின்றன?

இப்படிக்கு,
உங்கள் பயந்தாங்கொள்ளி