மூடிய ஷட்டருக்குள் நீங்கள் சொன்னது

என் பிரியமான தாத்தாவுக்கு,

இந்த முதல் வரியைப் படிப்பவர்கள் நரைத்த மீசையோடு ஒருவரை நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள் என்று நானே உங்களிடம்தானே தெரிந்துகொண்டேன்? கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மிஸ் என்று கூப்பிட, "மிஸ் எல்லாம் வேணாம், தாத்தாண்டு கூப்பிடுங்க தங்கச்சி" என்றீர்கள். லிப்ஸ்டிக் பூசிய தாத்தாவை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

ஒரு செய்தி இருக்கிறது. நம்ப மாட்டீர்கள். உங்கள் காரின் இடப்பக்க ஜன்னல் ஷட்டர் இறங்கிவிட்டது!

கந்தோர் விட்டு உங்கள் காரில் வரும்போது, கண்டியிலிருந்து பேராதனை தாண்டும்வரை, வாகன நெரிசலில் நமக்கு இருந்த பெரிய வழக்கே அதுதானே? கைப்பிடி சுற்றும், கண்ணாடி மட்டும் அசையாது. "கண்ணாடி அது போற பாதைய உட்டு எறங்கீக்கி" என்பீர்கள் நீங்கள். உள்ளே பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்பேன் நான். கதவைக் கழற்றிப் பார்த்துவிடலாமே என்றால், "பார்த்துட்டா பொறவு நாம என்னத்தப் பேசுற?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவீர்கள்.

ஆனால் அந்த மூடிய கண்ணாடியால் எனக்கு ஒரு தொல்லை இருந்தது. கெலிஓயாச் சந்தியில் நான் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வரும். உள்ளே இருந்தபடி என் பக்கம் குனிந்து சொல்வீர்கள். பின்னால் கம்பளை பஸ் விடாமல் ஹோர்ன் அடிக்கும். உதடு அசைவது தெரியும், சொல் கேட்காது. சரி, சரி என்று தலையாட்டி வைப்பேன். மறுநாள், "எங்க நான் கேட்ட பலாக்கொட்டை? கொண்டாறன்டு தலையாட்டினீங்களே!" என்று சண்டைக்கு வருவீர்கள்.

கடைசி நாளும் அப்படித்தான் ஏதோ சொன்னீர்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன். விடிந்ததும் உங்கள் மகள் ஷிஃபா போனில் கோல் எடுத்து, உம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அழுதாள்.

என்ன சொன்னீர்கள் தாத்தா?

ஷிஃபா கட்டாருக்குப் போகும்போது சாவியை என் கையில் வைத்து, "உம்மாட கார நீங்களே வச்சிக்கோங்க அன்ட்டி" என்றாள். அதைச் சந்திக்கு மேலே உள்ள கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக் பாஸ் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். நான் பழக்கதோஷத்தில், "இது எங்க தாத்தாவோட கார்" என்று சொல்லிவிட்டேன். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா அல்லவா? மனிதரின் முகமே மாறிவிட்டது. "தாத்தா எப்ப இல்லாம போனது மிஸ்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். திருத்தியிருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு அவர் கதவை அவ்வளவு பதமாகத் தொட்டார். சரி, கொஞ்ச நேரம் அப்பாவாகவே இருந்துவிட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

கைப்பிடி எப்படிக் கழலும் தெரியுமா? அதன் பின்னால் லாடம் போல ஒரு சின்னக் கம்பி மாட்டியிருக்கிறது. ஒரு துணித்துண்டை இடுக்கில் விட்டு, குளிக்கும்போது முதுகு தேய்ப்பதுபோல இங்கும் அங்கும் இழுத்தால் அது தெறித்து வருகிறது. ஆசையாக இருந்ததால் நானே இழுத்தேன். கம்பி பறந்துவந்து என் மூக்குக் கண்ணாடியில் பட்டது.

உள்பலகையைக் கழற்றி, அதற்குப் பின்னால் ஒட்டியிருந்த பொலித்தீனையும் உரித்தார் பாஸ். நான் டோர்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டேன். பல்சக்கரம் புதிதுபோல இருந்தது. கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கையின் நுனியில் உள்ள உருளைதான் அதன் பள்ளத்தை விட்டு வெளியே கிடந்தது. "நீங்க சொன்னதுதான் சரி!" என்று கத்திவிட்டேன். "நா ஒண்டும் சொல்ல இல்லையே மிஸ்" என்றார் பாஸ்.

அவசரப்பட்டு வெற்றி கொண்டாடாதீர்கள். உருளை ஏன் வெளியே வந்தது? கண்ணாடியின் இரு ஓரத்து ரப்பரும் காய்ந்து அதை இறுகப் பிடித்துவிட்டது. அப்போது பலத்தைக் காட்டிக் கைப்பிடியை முறுக்கியது யார்? நீங்களும் நானும்தான். ஆகவே உங்களுக்கு முக்கால், எனக்குக் கால்.

கதவின் அடியில் கையை விட்டுத் துழாவிய பாஸ் ஒரு பிடி ஷோல் பின்களை அள்ளி எடுத்தார். "பிடிங்க தங்கச்சி" என்று முக்காட்டிலிருந்து நீங்கள் கழற்றித் தருவதை நான் ஷட்டர் ஓரத்தில் வைப்பேன், அவை மாயமாகும், ஸீட்டுக்குக் கீழே தேடுவோம். முத்து வைத்தது, பச்சைக் கல் வைத்தது, எல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் விழுந்திருக்கின்றன. பாஸ் பின்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தயங்கித் தயங்கி, "இது... தாத்தா குத்துறதா மிஸ்?" என்றார்.

சிரித்து முடித்து விஷயத்தைச் சொன்னேன். "அப்ப மிஸ் நங்கி" என்று அவரும் சிரித்தார். அவர்கள் பாஷையில் நங்கி என்றால் தங்கச்சி. அதற்குப் பிறகும் அவர் கை அவசரப்படவில்லை.

ரப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவினோம். உருளையைப் பள்ளத்தில் மாட்டி, கிறீஸ் பூசிச் சுற்றியபோது கண்ணாடி முனகிக்கொண்டே இறங்கியது. வேலை முடிந்தது. ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

ஷட்டரை ஏற்றிவிட்டு, பாஸை உங்கள் ஸீட்டில் உட்காரச் சொன்னேன். நான் வெளியே, சந்தியில் நிற்பதுபோல நின்று, ஏதாவது சொல்லுங்கள் என்று கைகாட்டினேன். குனிந்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என் தலை தன்பாட்டில் ஆடிவிட்டது.

அவர் எட்டி ஷட்டரை இறக்கினார். "அப்ப கார விக்கிறதா மிஸ்?"

"யாரு சொன்னா?"

"விக்கிறதாண்டு நா கேட்டதுக்கு மிஸ் தலையாட்டினது தானே!"

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதுவிட்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அப்படியானால் அந்தக் கடைசி மாலையில் நான் எதற்குச் சம்மதித்தேன்? ஷிஃபாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்களா? நாளைக்கு இடியப்பம் கட்டி வரச் சொன்னீர்களா? இல்லை, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றா சொன்னீர்கள்? அப்படி இருந்துவிடக் கூடாதே என்று தவிக்கிறேன் தாத்தா.

கார் யார் கைக்கும் போகாது. ஷிஃபாவுக்கு அடிக்கடி கோல் எடுக்கிறேன். கந்தோருக்கு இடியப்பம் கொஞ்சம் கூடவே கொண்டுபோகிறேன். எதற்குச் சரி என்றேன் என்று தெரியாததால், தோன்றுவதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறேன். கெலிஓயாச் சந்தியில் தினமும் காரைக் கொஞ்சம் நிறுத்துவேன், மழையானாலும் இடப்பக்க ஷட்டரை இறக்கித்தான் வைப்பேன். பின்னால் கம்பளை பஸ் கத்தினால் கத்தட்டும்.

கேட்காமலே தலையாட்டிய
உங்கள் தங்கச்சி,
செல்வராணி